பதினேழாம் எண் வீட்டுக் கடல்

அரபு நாட்டு ருவைஸில், எண்ணெய் ஆலைக் குடியிருப்பின் பதினேழாம் எண் வீட்டுப் பின்முற்றத்தில், 2015 மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குச் சரளைக்கல் கரையேறியது. தண்ணீர் ஒரு சொட்டும் இல்லை. பரப்பியிருந்த வெள்ளைச் சரளை அலை அலையாக எழுந்து சமையலறைப் படியைத் தொட்டது. அங்கே கிடந்த பிரபாவதியின் செருப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு உள்வாங்கியது. மறுநாள் பதினொன்று ஐந்துக்கு அதே படியில் திருப்பிக் கொண்டுவந்து போட்டது.

அவர் கணவர் பாஸ்கர் அப்போது சுத்திகரிப்பு ஆலையில் ஷட்டவுன் டியூட்டியில் இருந்தார். ஜப்பானியத் தோட்டங்களைப் பற்றி ருவைஸில் பாஸ்கரைவிட அதிகம் தெரிந்தவர் கிடையாது. அவரைத் தவிர அதைப் பற்றி யோசித்தவரும் கிடையாது. ஜப்பானுக்கு மிக அருகில் அவர் போனது கோலாலம்பூர் விமான நிலையம் வரைதான் என்பதைப் பின்னாளில் அவரே சொல்லிச் சிரிப்பார். அந்தக் காலத்தில் சிரிக்கவில்லை. முந்தைய வருடம் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் ஐம்பது நிமிடம் படம் போட்டுப் பேசினார்: ஆயிரம் வருடத்துக்கு முன்னால் பிரபுக்கள் குளம் வெட்டிப் படகு விட்டதையும், பிற்காலத்தில் மடங்களில் தண்ணீரே இல்லாமல் கல்லை மலையாகவும் சரளையைக் கடலாகவும் வைத்ததையும், கியோட்டோவில் பதினைந்து கல் உள்ள தோட்டத்தில் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு கல் மறைந்துகொள்வதையும் விளக்கினார். பதினைந்தாவது கல்லுக்கு வருவதற்குள் கூட்டத்தில் பாதி சர்க்கரைப் பொங்கலுக்குப் போய்விட்டது. பிறகு அவரே ஒரு தோட்டம் போட்டார். பாசி பதினோரு நாளில் கருகியது. கியோட்டோக்காரர்கள் மதிலுக்கு அப்பால் தெரியும் மலையைத் தங்கள் தோட்டத்தோடு சேர்த்துக்கொள்வார்கள். பாஸ்கர், ஆலையில் கழிவு வாயு எரியும் தீக்கோபுரத்தைச் சேர்த்துக்கொண்டார். சரளையில் கோடு போட, முசஃபாவில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த மாயாண்டியிடம் அகலப் பல் வைத்த வாரி ஒன்று செய்யச் சொன்னார். “என்ன சார் இது, ஒட்டகத்துக்குத் தலை வார்றதா?” என்று கேட்டுக்கொண்டே மாயாண்டி செய்து கொடுத்தான்.

அந்த வாரியால் பாஸ்கர் எட்டு மாதம், கோணமானியும் நூலும் வைத்து, இலக்கணம் பிசகாமல் கோடு போட்டார். சரளை சரளையாகவே கிடந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை, புறா எச்சத்தைப் பொறுக்க முடியாமல்தான் பிரபாவதி வாரியைக் கையில் எடுத்தார். ருவைஸுக்கு வருமுன் கோயம்புத்தூரில் பெண்கள் கல்லூரி ஒன்றில் ஒன்பது வருடம் புவியியல் நடத்தியவர். பாறையில் மோதி அலை வளைவதைக் கரும்பலகையில் வரைந்து பழகிய கை. அதே வீச்சில் ஓர் இழுப்பு இழுத்தார். கடல் புறப்பட்டது.

வீடு திரும்பிய பாஸ்கருக்கு முதலில் வந்தது பொறாமை. அதை மறைக்க, நடந்தது என்ன என்று பிரபாவதிக்கே அரைமணி நேரம் விளக்கினார். அடுத்த ஒரு வருடம் விருந்தாளிகளுக்கு விளக்கினார். டர்பைன் வேலைக்கு ஒசாகாவிலிருந்து வந்த பொறியாளர் ஒருவரையும் விடாப்பிடியாக வீட்டுக்கு அழைத்து வந்தார். அந்தக் கியோட்டோ தோட்டத்துக்குப் பள்ளிச் சுற்றுலாவில் போனதாகவும், அன்று பசியாக இருந்தது மட்டுமே ஞாபகம் என்றும் அந்த மனிதர் சொன்னார். ஆனால் படியில் உட்கார்ந்து, அலை காலுறையில் ஏறுவதை ஒரு மணி நேரம் பார்த்தார். பிறகு, கோடு போடுவது யார் என்று கேட்டார்.

“நான்தான்” என்றார் பாஸ்கர்.

டீத்தட்டோடு வந்த பிரபாவதி தட்டை வைத்துவிட்டு உள்ளே போனார். மறுநாளிலிருந்து வாரியைத் தொடவில்லை. கடல் நின்றது. பாஸ்கர் நாலு மாதம் வாரிப் பார்த்து முதுகுவலி சம்பாதித்தார்.

அந்தச் சமயத்தில்தான் பின்முற்றங்களுக்கெல்லாம் கான்கிரீட் போடப்போவதாகக் குடியிருப்பு அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது.

“பிரபா, நாளைக்கு மிக்ஸர் வண்டி வருதாம்.”

“வரட்டுமுங்க. நீங்கதானே வரைஞ்சீங்க, நீங்களே எழுப்பிக்குங்க.”

பாஸ்கர் வாரியைச் சுவரில் சாய்த்தார். “என்னால ஒரு அலையக்கூட அசைக்க முடியலை. பொய் சொல்லிட்டேன்.”

“அது எனக்குத் தெரியுமுங்க. அவருகிட்டச் சொன்னீங்களா?”

பாஸ்கர் ஒசாகாவுக்குக் கடிதம் அடித்தார். பிரபாவதி அதில் இரண்டு இடம் திருத்தினார். தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவிலும் பாஸ்கர் உண்மையைப் போட்டார். குழு அதிரும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தார். நாலு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருவர் மட்டும், “முதல்லயே தெரியும் சார்” என்று எழுதினார்.

மறுநாள் விடிந்ததும் பிரபாவதி முற்றத்தில் இறங்கி ஒரு முறை வாரினார். ஒன்பது மணிக்குக் ஒப்பந்தக் கம்பெனி மேற்பார்வையாளர், காயல்பட்டினத்துச் சுஐபு, கான்கிரீட் ஆட்களோடு வந்தார். ஆட்கள் இறக்கிய தள்ளுவண்டி இரண்டு கல்லுக்கு நடுவே மிதந்து போவதைப் பார்த்து, இடுப்பில் கை வைத்து நின்றார்.

“சார், இது கடலு. கடல்ல கான்கிரீட் போட எங்க கம்பெனிக்குப் பெர்மிட் மாஃபி, கிடையாது.”

“சரளைதானே, பாய்” என்றார் பாஸ்கர். பழக்கம் விடவில்லை.

“சரளையோ என்னமோ, ஏத்தம் இருக்கு, வத்தம் இருக்கு. நான் பொறந்ததே கடக்கரைல. கலாஸ், அவ்வளவுதான்.” அதையே படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்.

கோப்பு மூன்று வாரம் மேசைக்கு மேசை அலைந்தது. முடிவில் பதினேழாம் எண் வீடு கடலோர வீடுகளின் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. நீந்தக் கூடாது என்று அரபியிலும் ஆங்கிலத்திலும் பலகை நட்டார்கள். இரண்டு கடற்புறாக்கள் வந்து, மீன் இல்லை என்று கண்டு போய்விட்டன. விடுமுறை நாட்களில் குடும்பங்கள் பாயோடு வரத் தொடங்கின. கடல் ஏறும் ஏற்றமும் உள்வாங்கும் வற்றமும் ஏன் வருகின்றன என்று பிரபாவதி பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். ருவைஸ் பள்ளிகளில் புவியியல் மதிப்பெண் உயர்ந்தது. தோட்ட வரலாறு பேச பாஸ்கருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கப்பட்டது. ஏழு நிமிடம் பேசுவார்.

2023இல் பாஸ்கர் ஓய்வு பெற்றார். வீட்டை ஒப்படைக்கும் நாளில், அடுத்துக் குடிவரும் யாழ்ப்பாணத்துக் கனகரத்தினமும் வந்திருந்தார். அவர் முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “அண்ணை, உந்தக் கடல்காத்துக்கு ஏசி துருப்பிடிக்குமோ?”

“கொஞ்சம் பிடிக்கும்” என்றார் பாஸ்கர்.

அலுவலக ஆய்வாளர் பட்டியலைச் சரிபார்த்தார். சாவி மூன்று, ஏசி ரிமோட் இரண்டு, கடல் ஒன்று. அப்போது வற்றமாக இருந்ததால் நாற்காலி போட்டு உட்கார்ந்து காத்திருந்து, சரளை தன் ஷூ நுனியைத் தொட்ட பிறகு ‘நல்ல நிலை’ என்று எழுதினார். சாவிக்கும் ரிமோட்டுக்கும் பாஸ்கர் கையெழுத்துப் போட்டார். மூன்றாவது வரி வந்ததும் பேனாவைப் பிரபாவதியிடம் நீட்டினார். பிரபாவதி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த வரியை ஒருமுறை வாசித்து, எதிரே கையெழுத்துப் போட்டார்.