பட்டினியாக இறங்கிய பஸ்

வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கிய முதல் பஸ்ஸில் அன்றைக்கு எழுபத்தொரு பேர், இரண்டு வெள்ளாடு, கூடைக்குள் ஒரு சேவல், அத்தனை உயிரும் பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் வந்து சேர்ந்தன என்றும், அதைச் செய்து காட்டியது தான்தான் என்றும் இருசப்பன் சொன்னான்.

ஆஸ்பத்திரி நர்ஸ் சிஸ்டர் அனிட்டா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"சேவல் கூடவா?"

"தவிடு போட்டுப் பாத்தேன் சிஸ்டரு. மூஞ்சத் திருப்பிக்கிச்சு."

"யோவ், காலங்காத்தால என்கிட்ட கத வுடாத. கொயந்தைக்கு இன்னா குடுத்த, அதச் சொல்லு."

இருசப்பன் மலையில் கடுக்காய் பொறுக்கி விற்கிறவன். இடுப்பில் இருந்தது அவன் மகள் ஷாலினி, நாலு வயசு. அழுதால் அவளுக்குத் தொடை இடுக்கில் எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைத்துக்கொள்ளும். குடல் இறங்குகிறது, சின்ன ஆபரேஷன், அரை மணி நேர வேலை என்று டாக்டர் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. அந்த அரை மணி நேரத்துக்காக அவன் மலை இறங்குவது இது மூன்றாவது தடவை. எந்த ஆஸ்பத்திரி என்று சொன்னால் வம்பு. மயக்க ஊசி போடுகிற டாக்டர் சேலத்திலிருந்து புதன்கிழமை மட்டும் வருவார், ஒன்றரை மணிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார் என்பது தெரிந்தால் போதும். இன்னும் தள்ளிப் போட்டால் குடல் மாட்டிக்கொள்ளும், அப்புறம் அது சின்ன ஆபரேஷனாக இருக்காது என்றும் போன தடவையே எச்சரித்து அனுப்பியிருந்தார்கள்.

முதல் நாள் இரவுக்குப் பிறகு குழந்தை வாயில் ஒன்றும் படக்கூடாது. சட்டம் என்னவோ சுலபமானதுதான். ஆனால் சட்டம் போட்டவர் மலை பஸ்ஸில் வந்ததில்லை. குழந்தை பார்க்கத் தின்றால் வயிற்றை வலிக்கும் என்பதால், அந்த பஸ்ஸில் வருகிற யாரும் ஒரு விள்ளலாவது கிள்ளிக் குழந்தை கையில் கொடுக்காமல் தன் வாயில் போடமாட்டார்கள். முதல் தடவை பின் சீட்டிலிருந்து ஒரு கை நீண்டு பன் கொடுத்தது. இரண்டாம் தடவை இருசப்பன் டிக்கெட் வாங்கத் திரும்பிய நேரத்தில் பாதிக் கொய்யாப்பழம் வந்து சேர்ந்தது. இரண்டு தடவையும் அவன் சத்தியம் செய்தான், பிள்ளை வெறும் வயிறு என்று. இரண்டு தடவையும் சிஸ்டர் குனிந்து, "கண்ணு, இன்னா சாப்ட?" என்று கேட்க, ஷாலினி சந்தோஷமாகச் சொல்லிவிட்டாள். திருப்பி அனுப்பிவிட்டார்கள். நிறைமாதமாக வீட்டில் கிடந்த அவன் பெண்டாட்டி கலையரசி, "ஒரு புள்ள வாயக் காக்கத் துப்பில்ல" என்று சொன்னதோடு சரி, இரண்டு நாள் பேசவில்லை.

அதனால்தான் மூன்றாம் தடவை அவன் பஸ்ஸுக்கே வாய்ப்பூட்டு போட்டான்.

டிரைவர் பக்கத்து என்ஜின் மூடியின் மேல் மலைச்சாமி கரியராமனுக்குக் கற்பூரத்தைக் கொளுத்தி வைத்துவிட்டு, "கரியராமன் மேல ஆணை! கள்ளக்குறிச்சி போற வரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது. நீங்க தின்னாதான இவளுக்குக் குடுப்பீங்க? தின்னாதீங்க!" என்றான்.

"வெத்தல போடலாமாடா?" என்றார் முன் சீட்டு நாராயணசாமி.

"வாய் அசஞ்சா தீனிதான் மாமா. துப்பு."

"டேய், மருந்து மாத்திரடா!" என்றார் பின் சீட்டில் ஒருவர்.

"பஸ்ஸ வுட்டு எறங்கிப் போடு."

"நான் டீ குடிக்காம எப்பிடிடா ஓட்டுவேன்? வளைவுல கண்ணு சொக்கினா மொத்தப் பேரும் கீழதான்" என்றார் டிரைவர்.

"நான் பக்கத்துல நின்னு கிள்ளிக்கினே வரேண்ணே."

கிள்ளிக்கொண்டேதான் வந்தான். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் ஒரு கிள்ளு. கச்சிராயபாளையத்தில் பஸ் நின்றது. வழக்கமாக வடைத் தட்டைப் போர்க்களமாக்குகிற ஜனம், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எச்சிலை முழுங்கியது. முழுங்கிய சத்தம் கோமுகி அணை வரைக்கும் கேட்டிருக்கும். டீக்கடைக்காரர் பதறி ஓடிவந்து, "இன்னாய்யா, பஸ்ஸுல யாராச்சும் போயிட்டாங்களா?" என்று துக்கம் விசாரித்தார்.

இத்தனையும் சொல்லி முடித்து இருசப்பன் மார்பை நிமிர்த்தினான். சிஸ்டர் வழக்கம்போலக் குனிந்தார்.

"கண்ணு, இன்னா சாப்ட?"

ஷாலினிக்குப் பசி காதை அடைத்தது. கேட்ட கேள்விக்கு ஆசைப்பட்டதையெல்லாம் சொன்னாள்.

"இட்லி. வட. கறி. கேசரி."

"சிஸ்டரு! எங்க மலையில காலைல யாருங்க கேசரி கிண்டறாங்க?"

"புள்ள பொய் சொல்லாது. நீதான் சொல்லுவ." சிஸ்டர் தாளில் எழுதினார். "எட்டரைக்குத்தான பஸ்ஸ வுட்டு எறங்கின? அதுலேந்து ஆறு மணி நேரம் எண்ணிக்கோ. ரெண்டரை."

"டாக்டரு ஒன்றரைக்கே போயிடுவாருங்களே?"

"அடுத்த புதன் வா."

"நேத்து ராத்திரி ஒம்போது மணிக்குத் தின்னதுதாங்க. நான் கும்புடற சாமி மேல..."

"சாமிய வுடு. போன வருசம் ஒருத்தன் இப்பிடித்தான் சத்தியம் பண்ணான். ஆபரேஷன் மேசை மேல மயக்கத்துல புள்ள வாந்தி எடுத்து அது நுரையீரல்ல எறங்கிடுச்சு. நான்தான் தூக்கிக்கினு ஓடினேன். பதினோரு நாளு. பொழச்சது அதிர்ஷ்டம். உன் வாய நம்பி இன்னொன்ன நான் தூக்க மாட்டேன்."

டாக்டர் கிளம்புகிற வரைக்கும் பார்ப்போம் என்று இருசப்பன் பிள்ளையை வெறும் வயிற்றோடே வைத்துக்கொண்டான். ஏழெட்டு வளைவில் டிரைவரைக் கிள்ளிய விரலைப் பார்த்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தான். மற்ற எல்லாக் குழந்தையையும் கூப்பிட்டார்கள். சின்னசேலம் பையன் போனான், வந்தான். நைனார்பாளையத்துப் பெண் போனாள், வந்தாள். எதிர் பெஞ்சில் யாரோ டிபன் டப்பாவைத் திறந்தார்கள். தக்காளி சாதம். மணம் வந்து மூக்கில் அறைந்தது.

"ப்பா, ஒரு வாய்."

"டாக்டர் மாமா பாத்ததும் சாப்டலாம் கண்ணு."

"ப்பா, தண்ணி."

"இரு கண்ணு."

"நீ எங்கப்பா இல்ல. அவங்கதான் எங்கப்பா" என்று டிபன் டப்பாக்காரரைக் காட்டினாள். பஸ்ஸில் எழுபத்தொரு பேரை அடக்கியவன் அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தான். பிறகு அவள் அவன் கையைக் கடித்தாள். பல் பதிகிற அளவுக்குக் கடித்தாள். அவனும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தின்னக் கொடுக்கத் தன்னிடம் அது ஒன்றுதான் இருக்கிறது என்று விட்டுவிட்டான்.

பன்னிரண்டே முக்காலுக்கு அழுகை நின்றது. முதலில் அவனுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. தொட்டுப் பார்த்தால் நெற்றி ஜில்லென்று நனைந்திருந்தது. தலை தோளில் நிற்காமல் பின்னால் சாய்ந்தது. கூப்பிட்டால் கண் பாதி திறந்து எங்கேயோ பார்த்தது.

"சிஸ்டரு!"

அவன் போட்ட கூச்சலில் சிஸ்டர் செருப்பில்லாமல் ஓடிவந்தார். ஷாலினியின் விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சின்ன மிஷினில் வைத்தார். நாற்பத்திரண்டு என்று எண் வந்தது. சிஸ்டர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாங்க அது?"

"சக்கர. ரொம்பக் கம்மி." அவர் குரல் இறங்கியிருந்தது. "வயித்துல ஒண்ணுமே இல்ல."

ஷாலினியைக் கட்டிலில் கிடத்திக் கையில் நரம்பு தேடினார். சர்க்கரைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஏறியது. பத்து நிமிஷத்தில் மறுபடி சோதித்தார், எண் ஏறியிருந்தது. ஷாலினி கண் விழித்து அவனை அடையாளம் கண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மணி ஒன்று இருபது. மயக்க ஊசி டாக்டர் பையோடு வெளியே வந்தவர், கட்டிலைப் பார்த்து நின்றார். அதில் தொங்கிய தாளை எடுத்து, நாற்பத்திரண்டைப் பார்த்தார்.

"எட்டரைக்கு டிபன்னு போட்டிருக்கே. சக்கர எப்பிடிம்மா இவ்ளோ எறங்கும்?" என்று இருசப்பன் பக்கம் திரும்பினார். "ஏம்பா, கடைசியா எப்ப சாப்ட்டா?"

"என்ன ஏன் சார் கேக்கறீங்க?" இருசப்பன் எழுந்திருக்கவில்லை. "நான் சொன்னா கத. அந்த ஒரு சொட்டு ரத்தத்தக் கேளுங்க. அது மலைக்காரன் இல்ல, நம்புவீங்க."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். சிஸ்டர் அவர் கையிலிருந்து தாளை வாங்கி, எட்டரையை அடித்து, மேலே எழுதினார்.

"நேத்து ராத்திரி ஒம்போது மணி டாக்டர். தண்ணி கூட இல்ல. தியேட்டர் ரெடியா இருக்கு. ஒரு அரை மணி நேரம் இருங்க."

"நிச்சயமா? மலை பஸ்ஸுலதான வந்திருக்காங்க? வழியில யாராச்சும் எதையாவது குடுத்திருப்பாங்களே. எப்பவும் அதான நடக்குது?"

"ஒருத்தர் வாய அசச்சிருந்தாலும் இவளுக்கு ஒரு விள்ளல் வந்திருக்கும் டாக்டர். வரல." சிஸ்டர் இருசப்பனைப் பார்க்காமல் கட்டிலின் சக்கரத்தைக் காலால் தட்டி விடுவித்தார். "அந்த பஸ்ஸுல யாருமே சாப்பிடல. எழுபத்தொரு பேரும். நடந்திருக்கு டாக்டர்."