மூன்று மடங்கு கனம்

மூன்று நாளாக ஆய்வுக்கூடத்து அளவைக்காரருக்குத் தரையில் கால் பாவவில்லை. அவர் மனைவி எட்டு மாதம் உலையோடு மல்லுக்கட்டி வளர்த்த படிகத்தில், எலக்ட்ரான்கள் இதுவரை யாரும் காணாத அளவுக்குக் கனத்திருந்தன. கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொல்லி மாய்ந்தார்.

எலக்ட்ரான் எப்படிக் கனக்கும்? நெரிசலான பேருந்தில் இறங்கப் போகிறவர் தனியாகவா நகர்கிறார்? பக்கத்தில் நிற்பவர்களையும் இழுத்துக்கொண்டுதான். அப்படிக் கூட்டத்தையும் சுமந்து நகரும் எலக்ட்ரானை ஒற்றைத் துகளாகப் பாவித்து, குவாசி துகள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது எவ்வளவு கனமோ, கடுங்குளிரில் படிகம் அவ்வளவு வெப்பத்தை விழுங்கும். இவர் அளந்து, படிகத்தின் எடையால் வகுத்துச் சொன்னது அந்த வெப்பத்தைத்தான்.

மனைவியின் வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. இந்த அளவீட்டை நம்பித்தான் நாளைக் காலை இயக்குநர் நீட்டிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடப்போகிறார்.

அளந்த படிகத்தை அறையின் சூடு வரை கொண்டுவந்து பார்ப்பது அங்கே வழக்கம். அந்தச் சூட்டில் இந்தப் படிகம் எவ்வளவு வெப்பம் கொள்ளும் என்பது தெரிந்த கணக்கு. எடையில் தப்பு நடந்திருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நல்ல செய்தி சொல்லும் அவசரத்தில் அதைத் தள்ளிப்போட்டிருந்தார். இன்று மதியம் செய்தார். வரவேண்டியதைப்போல் மூன்று மடங்கு வந்தது.

எடைபோட்ட குறிப்பேட்டைப் புரட்டினார். கருவியில் வைக்கும் முன் படிகம் இரண்டாக உடைந்தபோது, சின்னத் துண்டை எடைபோட்டுவிட்டுப் பெரிய துண்டைக் கருவியில் ஒட்டியிருக்கிறார்! மூன்றால் வகுத்தால், ஏற்கெனவே பத்துப் பேர் பார்த்துச் சலித்த கனம்தான்.

கையெழுத்து ஆகும்வரை வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன? நினைக்கவே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நினைத்தார்.

மனைவி வந்து திரையைப் பார்த்தாள். விளக்கம் தேவைப்படவில்லை.

“துண்டு மாறிப்போச்சா?”

“மாறிப்போச்சு. நாளைக்குக் கையெழுத்து ஆகட்டும். அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்.”

அவள் போனை எடுத்து, நடந்ததை இயக்குநரிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். கடிதத்தை நிறுத்திவைப்பதாக அவர் சொன்னார். “சரிங்க சார்” என்று வைத்தாள்.

அவர் குறிப்பேட்டை மூடினார். “உனக்கு நல்லது நடக்கணும்னுதான் அவசரப்பட்டேன்.”

“தெரியும்,” என்றாள். “இனிமே என் படிகத்த வேற யாராவது அளக்கட்டுங்க.”