சம்பந்திக்கு வைத்திருந்த மீன்கள்

என் வீட்டுக்காரர் அதைக் குளம் என்றுதான் சொல்வார். திண்டிவனத்தில் நாங்கள் வீடு கட்ட மண்ணெடுத்த பள்ளம் அது. நாலு கட்டில் போட்டால் நிறைந்துவிடும். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன மனுஷனுக்குப் பொழுது போகவேண்டுமே, அதில் போர்வெல் தண்ணீரை விட்டு, கட்லாவும் ரோகுவும் குஞ்சாக வாங்கிவந்து விட்டார். மீன் வளர்ந்தது. கூடவே அவருடைய பெருமையும் வளர்ந்தது.

அந்தப் பெருமையில்தான் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டார். எங்கள் மகன் அந்தோணி பிரபு, முகையூர்ப் பக்கத்துப் பெண் சித்ராவை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கிறிஸ்தவ வீட்டுக்குப் போய்விட்டாள் என்று அவளுடைய அப்பா முருகையன் அன்றிலிருந்து மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. 2012ஆம் வருஷம், தவக்காலம் தொடங்கிய வாரம், இவர் யாரையும் கேட்காமல் முருகையனுக்கு போன் போட்டார். அந்தப் பக்கம் வெறும் மூச்சுச் சத்தம்தான். இவர் மழை, மல்லாட்டை விளைச்சல், அதன் விலை என்று எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிட்டுக் கடைசியில், "எங்க வூட்டு குளத்து மீனு ஒரு தபா சாப்ட்டுப் பாருங்க சம்பந்தி" என்றார்.

"வர்றேன்" என்று பதில் வந்தது.

குருத்து ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு என்று பேசிக்கொண்டார்கள். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சித்ரா அன்று முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா வருவார் என்று நம்பவும் பயம், நம்பாமல் இருக்கவும் பயம் அந்தப் பெண்ணுக்கு. எனக்கோ வேறு கவலை. தவக்காலத்தில் எங்கள் வீட்டுக்குள் கறி நுழையாது, மீன் மட்டும்தான். முதன்முதலாக வருகிற சம்பந்திக்கு அந்த மீனை விட்டால் வேறு என்ன போடுவது?

அடுத்த சில நாளிலேயே பேஜாரு ஆரம்பித்தது. காலையில் போய்ப் பார்த்தால் கரையில் ஒரு மீன் தலை கிடக்கிறது, உடம்பைக் காணோம். மறுநாள் செதில் மட்டும் சிதறிக் கிடக்கிறது.

"மடையான் வேல இது" என்றார் இவர். சொல்லிவைத்தாற்போல ஒரு மடையான் கொக்கு மதில்மேல் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பள்ளம் முழுக்க வலை கட்டினார். வலைக்குள்ளேயே ஒரு கட்லா செத்து மிதந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. கொக்கு கொத்தாமல், பாம்பு கடிக்காமல் அது எப்படிச் சாகும்? அதைத் தூக்கி வேலியோரம் போட்டார். காக்கா வந்து கண்ணைத் தோண்டியது. உடனே காக்காதான் திருடன் என்று குதித்தார்.

"செத்ததுதானேங்க அது தின்னுது? நீங்கதானே வெளிய போட்டீங்க?" என்றேன்.

"நீ சும்மா இரு அருளு. உனுக்கு ஒண்ணும் புரியாது."

அவருக்கு மட்டும் என்ன புரிந்தது? தம்முடைய பழைய காக்கிச் சட்டையை ஒரு கம்பில் மாட்டி நிற்கவைத்தார். காக்கா அதன் தோளில் உட்கார்ந்து எச்சம் போட்டது. வலையில் ஒரு தண்ணீர்ப்பாம்பு சிக்கியது. வெற்றி வெற்றி என்று பார்த்தால், பாவம், அதன் வயிறு ஒட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுச் சவுரியம்மாளின் பூனைமேல் பழி போட்டு, அவளோடு ஒரு சண்டை.

"எம்பூன தண்ணியக் கண்டாலே ஓடும்! நீங்க ஊரெல்லாம் பெரும பேசிக்கினு இருந்தீங்கல்ல, கண்ணு பட்டுப்போச்சு" என்று கத்திவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்கு மண்டை காய்ந்தது. தின்றது ஒன்று, கொன்றது வேறொன்றா? அப்படியென்றால் கொன்றது எது? பல் இல்லை, அலகு இல்லை, தடமும் இல்லை.

"பேசாம மார்க்கெட்ல மீனு வாங்கி ஆக்கிடலாம்" என்றேன்.

"பொய் சொல்லி சோறு போடச் சொல்றியா? தவசு காலத்துல?" என்று எகிறினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஒவ்வொரு மீன் சாகும்போதும் சித்ராவின் முகம் இன்னும் வாடியது. "அப்பா வர மாட்டாரு அத்த, எனுக்குத் தெரியும்" என்பாள். நான் அதட்டுவேன். வேறு எப்படி ஆறுதல் சொல்வதென்று எனக்குத் தெரியாது.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள் விடிகாலை, துணி ஊறவைக்கப் பின்பக்கம் போனேன். சித்ரா குளக்கரையில் குந்தி, வலையைத் தூக்கிக் கையை உள்ளே விட்டிருந்தாள். உதடு எதையோ முணுமுணுத்தது. கிட்டே போய்க் கையைப் பிடித்து இழுத்தேன். பாதி கரைந்த அச்சு வெல்லம்.

"இன்னாடி இது?"

அவள் திடுக்கிட்டு அழத் தொடங்கினாள். அவர்கள் ஊர்க் கோயில் குளத்தில் வேண்டிக்கொண்டு வெல்லம் கரைப்பார்களாம். வெல்லம் கரைவது மாதிரி பட்ட கஷ்டமும் கரைந்துபோகுமாம். "அப்பா கோவம் கரையணும்னு தெனமும் கரைக்கிறேன் அத்த. மீனு சாகச் சாக பயமாயிடுச்சி. அதான் இன்னும் கொஞ்சம் சேத்துப் போட்டேன்."

"கோயிலுக்குப் போறேன்னு கேட்டா நான் வேணான்னா சொல்லியிருப்பேன்?"

"கேக்க பயமா இருந்துது" என்றாள்.

தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்தேன். புளித்த கஞ்சி வாடை. மிச்சமிருந்த மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சுக்குத் தவித்தன. வெல்லம் புளித்துத் தண்ணீரே கெட்டுக் கிடந்தது. தவித்து மேலே வந்ததைக் கொக்கு கொத்தியிருக்கிறது, செத்ததைக் காக்கா இழுத்திருக்கிறது. எனக்குக் கோபம் பொங்கியது. ஆனால் யார்மேல் கோபப்படுவது? கொக்கின் மேலா, இவள்மேலா, மகள் இப்படிக் கரைக்கும்படி விட்ட அந்த மனுஷன்மேலா? ஒன்றும் விளங்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். புதுத் தண்ணீர் பாய்ச்சலாமென்று மோட்டாரைப் போட்டால் கரண்ட் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மீன்கூட உயிரோடு இல்லை. வெல்லத்தைப் பற்றி நான் இவரிடம் மூச்சுவிடவில்லை.

முருகையனும் அவர் மனைவி வெள்ளையம்மாளும் பஸ் பிடித்து வந்தார்கள். அம்மாவும் பெண்ணும் கட்டிப்பிடித்து அழுதார்கள். முருகையன் மகள் இருந்த பக்கமே திரும்பவில்லை. நானும் பிரபுவும் இலை போட்டோம். சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். என் வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து மடையான், காக்கா, தண்ணீர்ப்பாம்பு, பூனை என்று ஒன்றுவிடாமல் விளக்கினார். கேட்கக் கேட்க முருகையனின் முகம் இறுகியது.

"மீனு இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. கொக்கு, காக்கான்னு கத கட்டறது எதுக்கு? எங்களுக்கு இவ்ளோதான் மரியாதன்னா தெரிஞ்சுக்கினோம்" என்று பாதிச் சோற்றில் இலையை மடிக்கப் போனார்.

சாம்பார் வாளியோடு சித்ரா அப்படியே நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"கத இல்லீங்க சம்பந்தி. உங்க கோவம் கரையணும்னு உங்க பொண்ணு தெனமும் அந்தத் தண்ணியில வெல்லம் கரைச்சிருக்கா. அதுல செத்துதுங்க அத்தினி மீனும்."

என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்தார். முருகையனின் கை இலைமேல் அப்படியே நின்றது. முதன்முறையாக மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"எவ்ளோ கரைச்ச?"

"கணக்கு பாக்கலப்பா. நாலஞ்சு கிலோ இருக்கும்."

"அவ்ளோ கோவமா எங்கிட்ட இருந்துது?" அவர் அதை யாரிடம் கேட்டார் என்று எங்களுக்கு விளங்கவில்லை. கிண்டல் இல்லை. நிஜமாகவே குழம்பிப் போயிருந்தார்.

"இன்னும் இருக்குதாப்பா?" என்றாள் சித்ரா.

அவர் இலையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"தெர்லம்மா" என்றார். "நீ சோத்தப் போடு."