விருந்து முடிகிறவரை

எங்கள் குலப் புனிதர் நிக்கோலாவின் நாள் விருந்துக்கு நாங்கள் யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர் வருவார், வந்தவரைப் போ என்று சொல்லக் கூடாது. போர் வருவதற்கு முந்தைய அந்தக் குளிர்காலத்தில், பெல்கிரேடு போலீசில் மொழிபெயர்ப்பாளனாக இருந்த என் தம்பி ராடோயே, ஒரு ஜெர்மானியரோடு வந்து நின்றான். வந்தவர் யாரென்று அவன் முகமே சொல்லிவிட்டது. பெர்லின் போலீஸ்! பின்அறையில் எர்வின் குடியிருந்தான். பெர்லினில் அரசுக்கு எதிராகத் துண்டறிக்கை அச்சடித்துவிட்டுத் தப்பி வந்தவன், தங்கமான பையன்.

பின்அறைப் பக்கம் திரும்பாமலே பரிமாறினேன். அடுத்த வீட்டுக் கொசாராவுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"ஐயோ பாவம், பேச்சுத்துணை இல்லாம பொம்மையாட்டம் உக்காந்திருக்காரு. அடியே டெசங்கா, உன் வீட்டு ஜெர்மன்காரத் தம்பி எங்கடி?"

நான் கண்ணைக் காட்டுவதற்குள் அவனைக் கையோடு இழுத்துவந்து அந்த மனிதர் பக்கத்திலேயே உட்காரவைத்துவிட்டாள். விருந்தாளிக்குப் பேச ஆளில்லாமல் இருக்கக் கூடாதாம். பாழாய்ப்போன நல்ல மனசு!

இருவரும் மெல்லப் பேசினார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எர்வினின் முகம் மட்டும் வெளுத்துக்கொண்டே போனது. அந்த மனிதர் எழுந்து, என் கையில் முத்தமிட்டுவிட்டுப் போனார்.

வாசல்வரை போய்த் திரும்பிய ராடோயேயைச் சமையலறைக்குள் இழுத்தேன்.

"டேய், நம்ம ராஜாவோட போலீசுக்கும் அவனுங்களுக்கும் என்னடா உறவு?"

"ஒப்பந்தம்க்கா. அவங்க தேடுற ஆள நாம பிடிச்சுக் குடுக்கணும், நாம தேடுறவன அவங்க குடுப்பாங்க. எர்வின் யாருன்னு அந்த ஆளு கண்டுபிடிச்சிட்டாரு." அவன் சமையலறைக் கதவைச் சாத்தினான். "புனிதர் பந்தியிலேர்ந்து ஒருத்தன எழுப்பினா தெருவே கொந்தளிக்கும்னு எங்க அதிகாரிகிட்ட சொல்லிட்டேன். விருந்து முடியிறவரைக்கும் உள்ள வரமாட்டாங்க. என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

ஜன்னல் வழியே பார்த்தேன். வாசலிலும் பின்சந்திலும் நம் ஊர்ப் போலீஸ்காரர்களே நின்றிருந்தார்கள்.

திரும்பிவந்து எல்லார் தட்டிலும் மறுபடி அள்ளி வைத்தேன். போதும் போதும் என்றவர்களைத் திட்டினேன், கெஞ்சினேன். பொழுது சாய ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கொசாராவின் காதில் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவள் காலணியைக் கழற்றி மேஜைக்கடியில் தள்ளினாள்.

"எனக்கு இன்னும் பசி அடங்கலடி. போடு."

எர்வின் தட்டிலும் வைத்தேன். அவனால் விழுங்க முடியவில்லை.

"போதும்க்கா."

"அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதடா. சாப்பிடு."

ஆறிப்போன இறைச்சித் துண்டை அவன் மேலும் மேலும் சிறிதாக வெட்டிக்கொண்டிருந்தான்.