ஆற்றுக்குக் காட்டிய தீபம்

சகலைகள் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பது குடும்பம் முழுக்கத் தெரிந்த சங்கதி. காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அவர்கள் முன்னால் யாரும் சிரித்ததில்லை.

பெரிய மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். சின்னவருக்குப் பல் செட் செய்கிற தொழில். மாமனாருக்குப் பல் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். அதைப் போட்டுக்கொண்டு மாமனார் ஒரு கல்யாண வீட்டுக்குள் நுழைந்தபோது, "மாமா வர்றதுக்கு முன்னாடியே பல்லு வந்து எல்லாரையும் விசாரிக்குதே!" என்றார் பெரியவர். பந்தி மொத்தமும் சிரித்தது. சின்னவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தவர்தான். அதன் பிறகு இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தாலும், "அவரை ஃபேனைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லு" என்று மனைவிமார் வழியாகத்தான் தூது போகும்.

அப்படிப்பட்டவர்கள் ஒரே ரயிலில், ஒரே பெட்டியில் கிளம்பினார்கள் என்றால் அது மாமனாருக்காக.

மாமனார் சுற்றுலா பஸ் ஓட்டியவர். அந்தப் புண்ணிய நதிக்கு அவர் அழைத்துப்போன கூட்டத்துக்கு அளவில்லை. ஆனால் ஒருமுறைகூட அதில் இறங்கியதில்லை. ஜனங்களை இறக்கிவிட்டுவிட்டு, பஸ்ஸுக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். இரவெல்லாம் திரும்ப ஓட்ட வேண்டுமே, கண் அசராமல் இருக்க வேண்டாமா? ஈரத்தலையோடு திரும்பி வருகிறவர்கள், "அண்ணே, என்ன ஜில்லுன்னு இருந்துச்சு தெரியுமா! சாயந்தரம் விளக்கு காட்டினாங்க பாருங்க, கண்ணு கொள்ளலை" என்பார்கள். "அப்படியா? சரி சரி, ஏறுங்க" என்பார் இவர்.

போன வருடம் பக்கவாதம் வந்து வலது பக்கத்தை அடித்துப் போட்டது. கை ஓரளவு தேறியது. கால் தேறவில்லை. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒருநாள் மகள்களைக் கூப்பிட்டார்.

"ஊர் சனத்தையெல்லாம் கொண்டுபோய் இறக்கினேன். என்னை ஒருத்தர் கொண்டுபோய் இறக்குங்களேன்."

மகள்கள் டிக்கெட் எடுத்துவிட்டார்கள்.

ரயில் தாமதம். காலையில் முடிந்திருக்க வேண்டிய குளியல் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போனது. விடுதியில் மூட்டைகளைப் போட்டுவிட்டு, அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கி, மாமனாரை அதில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். வலப்பக்கம் பெரியவர், இடப்பக்கம் சின்னவர். தெரு குறுகல். இரண்டு பக்கமும் பூக்கடை, சொம்புக்கடை, நனைந்த துணிகளைத் தோளில் போட்டு எதிரே வருகிற கூட்டம். தெரு திரும்பியதும் சட்டென்று ஆறு தெரிந்தது.

சுமப்பவர்கள் இருவருமே நின்றுவிட்டார்கள். ஓர் ஆறு இவ்வளவு அகலமாக இருக்கும் என்று யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. அக்கரை, மங்கலாக ஒரு கோடு. இக்கரை முழுக்கக் கல் படிகள். தேய்ந்து வழவழப்பான அந்தப் படிகளில் குழந்தைகளும் கிழவர்களும் புதுமணத் தம்பதிகளும் ஒரே தண்ணீரில் தலை முழுகி எழுந்துகொண்டிருந்தார்கள். ஒரு பெண் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள். அவள் முகத்திலிருந்து வழிந்தது ஆற்று நீரா கண்ணீரா என்று சொல்ல முடியவில்லை.

"என்ன மாப்ளே, வண்டி நின்னுடுச்சு?" என்றார் மாமனார்.

படி இறங்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது. ஈரப்பாசி. ஒருவர் கால் வைக்கும்போது மற்றவர் நிற்க வேண்டும். பேசாமல் அது நடக்காது. பெரியவர் காற்றைப் பார்த்து, "இப்ப இறங்கலாம்" என்றார். சின்னவர் ஆற்றைப் பார்த்து, "கொஞ்சம் இருக்கணும்" என்றார்.

"ஏம்ப்பா, நடுவுல நான் ஒருத்தன் தொங்கிட்டு இருக்கேன். யாராவது யார்கிட்டயாவது நேரா பேசுங்கப்பா!" என்று கத்தினார் மாமனார். மேலே துணிப்பையோடு நின்ற மகள்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கடைசிப் படிகள் தண்ணீருக்குள் இருந்தன. அங்கே கல்லில் இரும்புச் சங்கிலி பூட்டியிருந்தார்கள், இழுப்பில் யாரும் போய்விடாமல் இருக்க. நாற்காலியோடு இடுப்பளவு ஆழத்துக்குப் போனதும் தண்ணீர் நாற்காலியைத் தூக்கியது. பெரியவர் பிடி வழுக்கியது. நாற்காலி கவிழ்ந்து, விட்டால் போதும் என்பதுபோல் மிதந்து போயே போய்விட்டது. இருவரும் பதறி, இன்னொரு படி இறங்கி ஆளுக்கொரு தோளைப் பற்றினார்கள்.

"மாமா! மாமா! பிடிச்சுக்குங்க!"

மாமனார் ஒரு கையால் சங்கிலியைப் பிடித்திருந்தார். கண்கள் விரிந்திருந்தன.

"கொஞ்சம் விடு."

"என்ன மாமா?"

"விடுங்கறேன்ல. லேசா விட்டுப் பாரு."

பிடியைத் தளர்த்தினார்கள். மார்பளவு தண்ணீரில் அவர் நின்றுகொண்டிருந்தார். உடம்பின் பாரத்தை ஆறு வாங்கிக்கொள்ள, தரையில் மடங்கி மடங்கி விழுந்த அந்த வலது கால் இங்கே கல்லை ஊன்றி நின்றது. கட்டிலுக்கும் நாற்காலிக்கும் பிறர் தூக்கித் தூக்கி வைத்த மனிதர், தன் உயரத்துக்கு நின்றார். மாப்பிள்ளைகள் இருவரையும்விட அவர் உயரம் என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

"நிக்கிறேன்டா," என்றார். மாப்பிள்ளைகளை அவர் 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. "நிக்கிறேன்டா டேய்!"

மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினார். ஒரு முழுக்கு, இன்னொன்று, பிறகு கணக்கே இல்லை. மூன்றாவதுக்கு முன்னால் சின்னவர், "வாயை மூடிக்கிட்டு முங்குங்க மாமா, செட்டு கழண்டுடும்" என்றார்.

பெரியவர் சங்கிலியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அது கழலாது. நானும் பார்க்கிறேனே, மனுஷன் ஒருநாளாவது கழட்டணும்னு சொன்னதில்லை. நல்ல வேலை." சற்றுப் பொறுத்து, "அன்னிக்கு நான் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம் தம்பி" என்றார்.

சின்னவர், மாமனாரின் முதுகுக்குப் பின்னாலிருந்த தன் கையை நகர்த்தி, பெரியவரின் மணிக்கட்டை இறுகப் பற்றிக்கொண்டார். இப்போது மாமனாருக்குப் பின்னால் ஒரு சாய்மானம் கிடைத்தது.

"போதும் மாமா, ஏறலாம்."

"போங்கப்பா நீங்க. நான் இப்பத்தான் வந்திருக்கேன்."

இந்த வழக்கு முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் படிகள் மறைந்திருந்தன. அவ்வளவு ஜனம். மாலை வழிபாட்டுக்கு வந்தவர்கள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்துவிட்டார்கள். நடக்க முடியாதவரைத் தூக்கிக்கொண்டு அதற்குள் நுழைய வழியில்லை. நாற்காலியும் இல்லை. கரையில் விசிலோடு நின்ற காவலர் இவர்களைக் கவனித்துவிட்டு, சங்கிலியோரம் அப்படியே இருங்கள் என்று சைகை காட்டினார். மேலே மகள்கள் கையை ஆட்டி ஆட்டி என்னவோ கேட்டார்கள். மூவரும் கையை ஆட்டி ஆட்டி என்னவோ பதில் சொன்னார்கள்.

சங்கு முழங்கியது. நீளமாக, மூச்சு விடாமல். கசகசவென்றிருந்த கூட்டம் அந்த ஒலிக்கு ஒரேயடியாக அடங்கியது. மணிகள் தொடங்கின. ஆற்றை நோக்கிக் கட்டியிருந்த மேடைகளில் பட்டுடுத்திய அர்ச்சகர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். முதலில் சாம்பிராணி. வெண்புகை தண்ணீர் மேல் படர்ந்து வந்து இவர்கள் முகத்தைத் தொட்டது. பிறகு அடுக்கடுக்கான பெரிய விளக்குகளை ஏற்றினார்கள். ஒரு விளக்கே ஒரு குழந்தையின் கனம் இருக்கும். அதை ஒற்றைக் கையில் தூக்கி, எல்லோரும் ஒரே அசைவாக, மெதுவாகச் சுற்றினார்கள். தீ நாக்குகள் காற்றில் சாய்ந்து நிமிர்ந்தன.

படியில் உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கு அர்ச்சகர்களின் முதுகுதான் தெரிந்திருக்கும். ஏனென்றால் அந்தத் தீபம் ஜனங்களுக்கல்ல, ஆற்றுக்கு. ஆற்றுக்குள் நின்ற இந்த மூவருக்கும் எல்லாம் முகத்துக்கு நேரே நடந்தது. அர்ச்சகர்களின் நெற்றி வியர்வை, மந்திரம் சொல்லும் உதடுகள், அவர்களுக்குப் பின்னால் வெளிச்சம் பட்டு மின்னிய ஆயிரக்கணக்கான கண்கள், எல்லாம் தெரிந்தன. நெருப்பின் சூடு ஈரக் கன்னத்தில் உறைத்தது. ஒவ்வொரு சுடரும் அலையில் நூறாகச் சிதறி, அவர்கள் மார்பைச் சுற்றி மிதந்தது.

பெரியவருக்குக் கோயில் குளம் என்றால் பொதுவாகக் கொட்டாவி வரும். அன்று அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. 'இந்தத் தண்ணிக்கு தினமும் ஒருத்தன் தவறாம நன்றி சொல்றான் பாரு' என்று தோன்றியது. மழையோ வெயிலோ, ஆளிருந்தாலும் இல்லாவிட்டாலும், ஓடிப் போகிற ஒன்றுக்கு முன்னால் நின்று விளக்கைக் காட்டுகிறார்கள். அதைவிடப் பெரிய மரியாதை மனுஷனுக்கு என்ன தெரியும்?

கூட்டம் பாடத் தொடங்கியது. பாஷை புரியவில்லை. மாமனார் வாயில் வந்ததைச் சேர்த்துப் பாடினார். கரையிலிருந்து இலைத் தொன்னைகளில் பூவும் சின்ன விளக்குமாக மிதக்கவிட்டார்கள். அவை ஒவ்வொன்றாக ஆடி ஆடி வந்து, மூவருக்கும் இடையே புகுந்து கடந்து போயின. ஒன்று மாமனாரின் மார்பில் முட்டி நின்றது. அவர் அதை விரலால் மெல்லத் திருப்பி, சரியான பாதையில் விட்டார். பெரிய வண்டியை லாகவமாகத் திருப்புகிற அதே கை.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்ததும் அவரை மேலே ஏற்றினார்கள். தண்ணீரை விட்டு வெளியே வந்த கணத்தில் கால் மறுபடியும் துவண்டது. மாமனார் முகம் ஒரு நொடி வாடியது. பெரியவர் குனிந்து, "முதுகுல ஏறுங்க மாமா" என்றார். சின்னவர் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டார். "இப்ப ஏறு தம்பி." "இருங்கண்ணே, இந்தப் படி வழுக்குது." முன்பின் தெரியாத இரண்டு பேர் தாமாக வந்து ஆளுக்கொரு கை கொடுத்தார்கள்.

மேலே வந்ததும் மூத்த மகள் துண்டால் அப்பாவின் தலையைத் துவட்டிக்கொண்டே திட்டினாள். "இவ்வளவு நேரமா தண்ணியில? காய்ச்சல் வந்தா என்னப்பா பண்றது?"

இளையவள் அழுதுகொண்டிருந்தாள். "அப்பா, நீங்க நின்னதை நான் பார்த்தேன்பா."

"நின்னேன்ல? அதான் இத்தனை பேரும் சேர்ந்து எனக்கு விளக்கு காட்டினாங்க" என்றார் மாமனார்.

காய்ச்சல் வரவில்லை. ஜலதோஷம் பிடித்தது மாப்பிள்ளைகளுக்குத்தான். மாறி மாறித் தும்மியபடி விடுதிக்காரரிடம் போய், நாற்காலி ஆற்றோடு போன கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள். ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் சொன்னார். விடுதிக்காரர் சிரித்துவிட்டு இன்னொன்று கொடுத்தார்.

ஊர் திரும்பியதும் மருத்துவரிடம் சொன்னார்கள். தண்ணீருக்குள் நடக்கப் பழக்கலாம், நல்லது என்றார் அவர். பக்கத்தில் ஒரு நீச்சல் குளத்தில் அனுமதி கேட்டு, ஞாயிறு தவறாமல் சகலைகள் இருவரும் மாமனாரை அழைத்துப் போகிறார்கள். ஆளுக்கொரு பக்கம் நின்றபடி, நேராகவே சண்டை போட்டுக்கொள்கிறார்கள். குளத்தில் அலை கிடையாது, மருந்து நெடி வேறு. ஆனாலும் இறங்குவதற்கு முன்னால் மாமனார் அந்தத் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். நீச்சல் உடையில் நிற்பவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். இப்போதெல்லாம் மாப்பிள்ளைகளும் தொட்டு ஒற்றிக்கொள்கிறார்கள்.