ரெண்டு டம்ளர் லோடு

1

இந்தக் கதை ஒரு மிக்ஸி ஜாரில் தொடங்கியது. புதுக்கோட்டை கீழராஜ வீதியில் ஒரு கடையில் எங்கள் வீட்டு ஜாருக்கு பிளேடு மாற்றக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு, அடுக்கியிருந்த கரண்ட் கெட்டில்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை நடுங்கியது. நான் பார்த்தது அவ்வளவுதான். ஜார் வந்ததும் எழுந்து போய்விட்டேன். அவர் யார், எதை வாங்கினார், வாங்கினாரா இல்லையா, எதுவும் எனக்குத் தெரியாது. இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

“கெட்டிலை வச்சு ஒரு கதையா?” என்று என் மனைவி கேட்டாள். உங்களுக்கும் அதே கேள்விதான் என்றால், கொஞ்சம் பொறுங்கள். எனக்கும் அதே கேள்விதான்.

2

முதல் வரி என்று எழுதிப் பார்த்தவை:

“பங்கிராஸுக்கு எழுபத்தாறு வயதாகிவிட்டது.” (ஆகட்டும், அதற்கென்ன? அடித்துவிட்டேன்.)

“தண்ணீர் கொதிக்கும் சத்தத்தில் ஒரு தனிமையின்…” (முடிக்கவே கூச்சமாக இருந்தது.)

“கேஸ் வாடையை முதலில் பிடித்தவர் பக்கத்து வீட்டுக்காரர்.” (இது தேவலை. இருக்கட்டும்.)

ஆவூர்க்காரர் பங்கிராஸ். கீரனூர் வழியாகத் திருச்சி போகிற பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு தனியாக இருக்கிறார். சாப்பாடு மெஸ்ஸிலிருந்து வந்துவிடும். காப்பி மட்டும் தன் கையால்தான் போட வேண்டும் அவருக்கு. பாலில்லாத வரக்காப்பி, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அன்றைக்கு அடுப்பில் தண்ணீர் பொங்கி, தீயை அணைத்துவிட்டு, கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அவர் வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து வால்வைத் திருகி, சன்னலைத் திறந்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் விஷயம் மகள் பிரின்சியின் காதுக்குப் போய்விட்டது. திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள்.

“ஒண்ணும் ஆகலைத்தா.”

“ஆகியிருந்தா யாருப்பா எனக்குப் போன் பண்ணியிருப்பா? வீட்டப் பூட்டுங்க. இங்க வந்துருங்க.”

“கெட்டில் வாங்கிக்கிறேன். அடுப்பையே தொட மாட்டேன்.”

 பிரின்சி நர்ஸ் குரலில் சொன்னாள். “ஞாயித்துக்கெழம வாரேன். எம் முன்னாடி காப்பி போட்டுக் குடுங்க. சிந்தக் கூடாது, கையச் சுட்டுக்கக் கூடாது. இல்லைன்னா அன்னைக்கே பொட்டியக் கட்டணும். சரியா?”

“சரி.”

(இந்த இடத்தில் பிரின்சியைக் கல்நெஞ்சக்காரியாக நினைத்துவிடாதீர்கள். வெந்நீரில் வெந்து வருகிற பெரியவர்களுக்குக் கட்டுப்போட்ட கை அவளுடையது. அவளுக்கு பயம். அந்த பயத்துக்கு நர்ஸ் குரல் ஒரு உறை.)

3

கடையில் இருந்த பெண்ணுக்கு இளமதி என்று பேர் வைக்கிறேன். பங்கிராஸ் முதலில் தூக்கியது பளபளவென்று இருந்த பெரிய ஸ்டீல் கெட்டில். எனக்கு அதைத்தான் பிடித்திருந்தது. கதையில் பார்க்க நன்றாக இருக்கும்.

“இதுக்கு ஆன்லைன்ல நல்ல ரேட்டிங்குங்க ஐயா.”

“ரேட்டிங் போட்டவுகளுக்குக் கை நடுங்குமா தாயி?”

இளமதி சிரித்துவிட்டாள். சும்மா தூக்கும்போதே அது கனத்தது. தண்ணீர் கொதித்தால் உடம்பு முழுக்கச் சுடும் என்றும் அவளே சொன்னாள். அடுத்தது சின்னது, லேசானது. ஆனால் மூடியை நகம் போட்டு நெம்ப வேண்டியிருந்தது. கைப்பிடிக்குள் விரலை விட்டால் விரல் முட்டி கெட்டிலில் இடித்தது. அதையும் வைத்துவிட்டார்.

“கண்ண மூடிக்கிட்டே பாக்குறீங்களே ஐயா?”

“விடிகாலையில கண்ணாடியத் தேட மாட்டேன். கைதான் கண்டுபிடிக்கணும்.”

மூன்றாவது, பச்சையும் இல்லாமல் சாம்பலும் இல்லாமல் ஒரு நிறம். அழகென்று சொல்ல முடியாது. உள்ளே ஸ்டீல், வெளியே பிளாஸ்டிக். வெளிப்பக்கம் அவ்வளவாகச் சுடாது. கைப்பிடிக்குள் நான்கு விரலும் தாராளமாக நுழைந்தன. ஒரு பொத்தானை அமுக்கினால் மூடி மெதுவாகத் திறந்தது. தண்ணீர் எவ்வளவு என்று பக்கவாட்டில் தெரிந்தது. வயர் வருகிற அடித்தட்டில் எந்தப் பக்கமாகத் திருப்பி வைத்தாலும் உட்கார்ந்தது.

“தண்ணி ஊத்தாமப் போட்டுட்டேன்னு வையி?”

“தானா அணைஞ்சிரும்ங்க.”

“கொதிச்சப்புறம் மறந்துட்டேன்னா?”

“அதுவும் தானா அணைஞ்சிரும். டக்குன்னு சத்தம் கேக்கும்.”

“ஒத்தை விசிலு” என்றார். அவளுக்குப் புரியவில்லை. ஒத்தை விசில் என்றால் நிறுத்து, ரெட்டை விசில் என்றால் போகலாம் என்று சொல்லிக்கொடுத்தார். பிறகு தண்ணீர் ஊற்றிப் பார்க்கணும் என்றார். இளமதி முதலாளியைப் பார்த்தாள். முதலாளி தலையை ஆட்டினார்.

முழுக்க நிரப்பி ஒரு டம்ளரில் ஊற்றினார். கவுண்டரெல்லாம் தண்ணீர். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பங்கிராஸ் துண்டை எடுத்துத் தானே துடைத்தார். பாதி வைத்து ஊற்றினார், கொஞ்சம் சிந்தியது. ரெண்டு டம்ளர் அளவு மட்டும் வைத்து, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஊற்றினார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

“ரெண்டு டம்ளருதான் நம்ம லோடு. இதையே போடு தாயி.”

எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். தன்னால் எவ்வளவு முடியாது என்பதைக் கடை நிறைய ஆட்கள் பார்க்க அளந்து தெரிந்துகொண்டு, அதற்காகக் கூசாமல் வீட்டுக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? நான் இல்லை.

4

இதிலொரு சிக்கல். பத்திரமான கெட்டிலை வைத்துக்கொண்டு கதையை நகர்த்த முடியாது. கதைக்கு ஒரு விபத்து வேண்டும்.

வயரில் கால் தடுக்கட்டும் என்று எழுதப் போனேன். அவர் மிச்ச வயரை அடித்தட்டுக்குக் கீழே சுற்றிவிட்டிருந்தார். மேசை விளிம்பில் வைத்துவிட்டு மறக்கட்டும் என்றால், சுவரோரமாகத் தள்ளி வைத்திருந்தார். வெந்நீரைத் தூக்கிக்கொண்டு நடக்கட்டும், வழியில்… (நடக்கவில்லை. டம்ளர்தான் கெட்டிலைத் தேடி வரும். ஒரு தாம்பாளத்தில், பக்கத்திலேயே.) பச்சைத் தண்ணீரை வைத்தே வாரம் முழுக்க ஊற்றிப் பழகினார். நான் வெட்டிய குழியையெல்லாம் முன்னாடியே பார்த்துவிட்டு ஓரமாக நகர்ந்து போய்க்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு இடத்தில் சறுக்கினார். அதற்கு நான் காரணமில்லை, அவருடைய பக்திதான்.

5

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மாதா கோயில் வாசலில் புது வண்டிகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டிருந்தார் பங்குச் சாமியார் ஜெபக்குமார். மாலை போட்ட இரண்டு பைக், ஒரு லோடு ஆட்டோ. அதற்குப் பக்கத்தில் கெட்டிலோடு பங்கிராஸ்.

“என்ன கண்டக்டர் ஐயா, புது வண்டியா?”

“ஆமா சாமி. ரெண்டு டிக்கெட்டுதான் ஏத்துவேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். பங்கிராஸ் கெட்டிலை அடித்தட்டிலிருந்து எடுத்து இரண்டையும் தனித்தனியாகப் படியில் வைத்தார். சேர்த்து வைத்தால் கெட்டிலுக்கு மட்டும்தானே கிடைக்கும், கரண்ட் வருவதே தட்டில்தானே, அதற்கல்லவா ஆசீர்வாதம் முக்கியம்! சாமியாருக்குத் தாராளமான கை. தீர்த்தம் நன்றாகவே விழுந்தது.

வீட்டுக்கு வந்து தட்டை மேசையில் வைக்கும்போதுதான் பார்த்தார். நடுவில் கெட்டில் உட்காருகிற பள்ளத்தில் தண்ணீர் மினுங்கியது. பிரின்சி வரும் பஸ் ஏற்கெனவே கீரனூரைத் தாண்டியிருந்தது.

6

எனக்குக் கை அரித்தது. இதோ விபத்து. பிளக்கைச் சொருகச் சொன்னால் போதும். மனிதருக்கு அவசரம், வீடு கையை விட்டுப் போகப் போகிறது, லேசாகத் துடைத்துவிட்டு “மாதாவே” என்று சுவிட்சைப் போடுகிற ஆட்களை எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். எழுதியும் விட்டேன்: “பங்கிராஸ் ஈரத் தட்டின் பிளக்கைக் கையில் எடுத்தார். பிறகு…”

பிறகு ஒன்றுமில்லை. எடுத்த பிளக்கைத் தட்டோடு சேர்த்துச் சுற்றி வைத்தார். தீர்த்தத்தைக் கரித்துணியால் துடைக்க மனம் வராமல், பெட்டியிலிருந்து சலவைக் கைக்குட்டையை எடுத்து ஒற்றினார். தட்டைச் சன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பிரின்சி வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே மேசையைப் பார்த்தாள்.

“காப்பி எங்கப்பா?”

“இன்னைக்கு இல்லைத்தா. தட்டுல தண்ணி எறங்கிருச்சு. நல்லாக் காயணும். நாளைக்குத்தான்.”

“தண்ணி எப்புடி எறங்குச்சு?”

சொன்னார். பிரின்சி வாயைப் பொத்திக்கொண்டாள். “கெட்டிலையா மந்திரிச்சீங்க?” சிரித்து முடித்தபோது அவள் முகம் மாறியிருந்தது. “நாளைக்கு எனக்கு டூட்டிப்பா. இன்னைக்குன்னுதான பேச்சு.”

“பேச்சு பேச்சுதான். பொட்டியக் கட்டு, வாரேன்.” சன்னலில் இருந்த தட்டைக் காட்டினார். “ஆனா ஈரத்துல கரண்ட் விட மாட்டேன். எந்த வீட்டுக்காகவும் விட மாட்டேன்.”

பிரின்சி கவிழ்ந்திருந்த தட்டைப் பார்த்தாள். கைக்குட்டையைப் பார்த்தாள். சுற்றி வைத்திருந்த வயரைப் பார்த்தாள். வெளியே போய்ப் போன் பேசினாள். உள்ளே வந்து, “ஒரு சிஸ்டர் எனக்காக மாத்திக்கிட்டாங்க. நாளைக்கு மத்தியானம்தான் போகணும். உங்க லுங்கி ஒண்ணு குடுங்க, சேலைய மாத்திக்கிறேன்” என்றாள்.

(விபத்தை எழுதத் தெரிந்தவன் என்று எனக்கு ஒரு மிதப்பு இருந்தது. விபத்தைத் தவிர்ப்பதற்கு இவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று இவரை எழுதும்போதுதான் தெரிந்துகொண்டேன்.)

7

திங்கட்கிழமை காலை. தட்டு சுத்தமாகக் காய்ந்திருந்தது. பிரின்சி விரலை விட்டும் பார்த்துவிட்டாள். பங்கிராஸ் கண்ணாடி போடவில்லை. ரெண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி, மூடியை அமுக்கி, சுவிட்சைத் தட்டினார். பக்கத்துத் தாம்பாளத்தில் இரண்டு டம்ளர். காப்பித்தூள், நாட்டுச் சர்க்கரை. அப்பாவும் மகளும் தண்ணீர் இரைவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

டக். ஒத்தை விசில்.

முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். சிந்தாமல் ஊற்றுகிறார், வீடு நிற்கிறது. ஒரு சொட்டுச் சிந்துகிறது, அவர் பார்ப்பதற்குள் பிரின்சி விரலால் துடைத்துவிடுகிறாள். நிறையச் சிந்துகிறது, யாரும் பேசாமல் பெட்டி… மூன்றுமே எனக்குச் சரிப்படவில்லை. இவ்வளவு தூரம் என் பேச்சைக் கேட்காமல் வந்த மனிதருக்குக் கடைசியில் மட்டும் நான் கை கொடுப்பது மரியாதையாக இருக்காது.

ஆகவே, இருக்கிறபடி சொல்கிறேன். இடது கை வலது மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது. கெட்டில் தட்டை விட்டு எழுந்துவிட்டது, நடுங்குகிறது. மூக்கு முதல் டம்ளருக்கு நேராக வந்துவிட்டது. அவர் டம்ளரை மட்டும் பார்க்கிறார். பிரின்சியின் கை மடியிலிருந்து எழுந்து, பாதி வழியில், தாங்கிப் பிடிக்கவா வேண்டாமா என்று நிற்கிறது. பிடித்தால் அவர் பத்திரம். பிடிக்காமல் விட்டால் அவர் பங்கிராஸ்.

நான் என் கையை எடுத்துக்கொண்டேன். அவளுக்குப் பக்கத்தில் இப்போது நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்தக் கை உங்களுடையதுதான். சீக்கிரம் முடிவு செய்யுங்கள், அவர் கெட்டிலைச் சாய்த்துவிட்டார்.