ஆடாத கோடு

யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். விடிந்ததும் பந்தய நடுவருக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். அம்மா இரவு வேலைக்குப் போய்விட்டாள்.

என் சைக்கிள் எங்கும் போகாது. பின்சக்கரத்தை ஓர் இயந்திரம் பிடித்திருக்கிறது. அடியில் இரண்டு பக்கமும் சாய்கிற பலகை. சீட்டுக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார். எதிரே உள்ள திரையில் மேடு வந்தால் பெடல் கனக்கும். நான் சாய்ந்தால் திரையில் ஓடும் சைக்கிளும் சாயும். அவரவர் வீட்டிலிருந்தே எல்லோரும் ஒரே மலையில் பந்தயம் விடுவோம். போன தேர்வுப் பந்தயத்தில் நான் முதலாவதாக ஏறினேன். அணியில் இடம் உறுதி என்றார் கோச்.

அங்கேதான் வினை. சென்சார் எங்கள் ஆட்டத்தைக் கோடாக வரையும். மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் எல்லோருடைய கோடும் பாம்பு மாதிரி நெளியும். என்னுடையது ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி இருந்தது. சிலர் சக்கரத்தில் மோட்டார் ஒளித்து ஏமாற்றுவார்கள். மோட்டாருக்கு இடுப்பு கிடையாது. அதனால் கோடு ஆடியே ஆக வேண்டும் என்று விதி.

"ஏய் சிலை, மோட்டாருக்கு எண்ணெய் ஊத்தினியா?" என்று அணிப் பையன்கள் குரூப்பில் கிண்டல் செய்தார்கள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

உண்மை இதுதான். அம்மாவுக்கு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் இரவு வேலை. பகலில்தான் தூக்கம். அவள் கட்டிலுக்கும் என் சைக்கிளுக்கும் நடுவில் இருப்பது ஒரு திரைச்சீலை. பலகை சாயும்போதெல்லாம் கீச்சென்று கத்தும்; அம்மா புரண்டு படுப்பாள். அதனால் அதைக் கத்தவிடாமல் மிதிக்கப் பழகினேன். தோளைக் கட்டிப்போட்டு, இடுப்பை இறுக்கி, காலை மட்டும் வேலை வாங்கி. மேட்டில்கூட அப்படித்தான்.

இன்று சாயங்காலம் சைக்கிள் சங்கத்தின் ஹாலில், அவர்கள் பலகையில், அவர்கள் சென்சாரில் ஓட்டிக்காட்டச் சொன்னார்கள். ஏறும் முன் கோச் காதோடு சொன்னார்.

"கொஞ்சம் இடுப்ப ஆட்டும்மா. கோடு நெளியும், கேஸ் முடிஞ்சுது."

"அப்படி ஓட்டினா அது நான் ஓட்டறது இல்லையே சார்."

"சினிமாவுல டூப் போடறதில்லையா? அப்படி நெனச்சுக்கோ."

"நான் ஏமாத்தலன்னு காட்டறதுக்கு ஏமாத்தணுமா சார்?"

கோச் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

ஓட்டினேன். நடுவர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார், சீட்டுக் குழாயைத் தட்டிப் பார்த்தார். என் வியர்வை அவர் சட்டையில் சொட்டியது. மேட்டின் உச்சிக்கு ஏறி முடித்தேன். கோடு ஆடவே இல்லை.

"மோட்டார் இல்ல, ஒத்துக்கறேன்" என்றார் நடுவர். "ஆனா கோடு ஆடலயேம்மா."

"என் கால நீங்க பாத்தீங்கல்ல சார்?"

"பாத்தேன். விதி கோட்டத்தான் பாக்கும்."

"அப்ப விதிய என் பக்கத்துல வந்து நின்னு பாக்கச் சொல்லுங்க சார்."

எப்படி அப்படிப் பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை. நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பழக்கத்த மாத்திக்கறேன்னு காலைல சொல்லிடு. இடம் ஒனக்கு. இல்லேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

வீட்டுக்கு வந்தபோது அம்மா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கொட்டினேன். செருப்பில் ஒரு காலை விட்டவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்காகவாடி இவ்ளோ நாளா?"

"மொதல்ல ஒனக்காகத்தான்."

"நாளைலேர்ந்து நான் காதுல பஞ்சு வெச்சுக்கறேன். நீ ஆடு, குதி, கட்டில ஒட."

"வேணாம்மா. இப்ப என் கால் இப்படித்தான் ஓடுது. நீ பகல் வேலைக்கு மாறினாலும் நான் இப்படித்தான் ஓட்டுவேன்."

"திமிரப் பாரு. எங்கேர்ந்துடி வந்துது?"

"எதிர்ல ஒக்காந்திருக்கே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "எடம் போச்சுன்னா?"

"அழுவேன்."

"அப்பறம்?"

"அடுத்த பந்தயத்துக்குப் பேர் குடுப்பேன்."

கன்னத்தை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள்.

அவள் போனதும், மறைப்பானேன், ஆட்டி ஓட்டிப் பார்த்தேன். பலகை கத்தியது. கோடு அழகாக நெளிந்தது. யார் பார்த்தாலும் நம்புவார்கள். வேகம் மட்டும் விழுந்துவிட்டது. வேறு யாருடைய உடம்பிலோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. அந்தக் கோட்டை அழித்துவிட்டேன்.

பிறகு நடுவருக்குக் குரல் செய்தி அனுப்பினேன். முதல் தடவை பாதியில் நிறுத்திவிட்டேன். இரண்டாவது தடவை இப்படிப் பேசினேன்: "சார், பழக்கத்த மாத்திக்க மாட்டேன். மோட்டார் இல்லேன்னு நீங்களே சொன்னீங்க, அத எழுத்துல குடுங்க. எடம் குடுக்கலேன்னா, மோட்டார் இல்லாத பொண்ணுக்கு ஏன் குடுக்கலன்னு அதையும் எழுத்துல குடுங்க."

அவர் கேட்டுவிட்டார். டைப் செய்கிறார் என்று காட்டுகிறது, நிற்கிறது, மறுபடி காட்டுகிறது. அனுப்பியதை இப்போதுகூட அழித்துவிடலாம். நான் அழிக்கப்போவதில்லை.